எழுபது சதவீத அடைப்பு: ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டுமா?

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறேன். மேடு ஏறினால் மட்டும் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் விட்டுவிடும். ஆஞ்சியோவில் இதயத்தின் ஒரு ரத்தக் குழாயில் 70 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் கம்பி வலை) வைக்காவிட்டால் அட்டாக் வருமா?

இந்தச் சதவீதத்தைக் கேட்டுத்தான் பாதிப்பேர் கலங்கிப்போகிறார்கள். அடைப்பு எந்த இடத்தில் என்று முதலில் கேளுங்கள். இடது பிரதான குழாய் என்றால் 50 சதவீதமே பெரிய விஷயம், தள்ளிப்போடக் கூடாது. மற்றபடி, உங்களைப் போல் உழைக்கும்போது மட்டும் வலி வருபவர்களுக்கு, முதலிலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்வதால் உயிரிழப்பு குறையவில்லை என்று 2020-இல் வெளிவந்த இஸ்கீமியா ஆய்வு காட்டியது. வலி குறைந்தது உண்மை. ஸ்டென்ட் அந்த ஓரிடத்தைத்தான் விரிக்கும். அட்டாக்கோ பல நேரம் வேறொரு சின்னக் கொழுப்புத் திட்டு வெடித்து, மேலே ரத்தம் உறைவதால் வருவது. எல்லாக் குழாய்களையும் காப்பது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும், பீடியை விடுவதும்தான். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் மேடு ஏற முடியவில்லையா, அப்புறம் தாராளமாக வைக்கலாம். சும்மா இருக்கும்போதே வலி வந்தால் கதையே வேறு: உடனே 108.

அப்பாவுக்கு 62 வயது, சுகர் உண்டு. மூன்று குழாயிலும் அடைப்பு. பைபாஸ் என்கிறார்கள். ஸ்டென்ட் போதாதா? (மார்த்தாண்டம்)

நெஞ்சைத் திறப்பது என்றால் யாருக்கும் பயம்தான். ஆனாலும் சுகரும் பல குழாய் அடைப்பும் சேர்ந்தவர்களுக்கு பைபாஸே மேல். 2012-இல் வந்த ஃப்ரீடம் ஆய்வில் மரணமும் அட்டாக்கும் பைபாஸில் குறைவு. பக்கவாதம் மட்டும் சற்றுக் கூடுதல். இன்னொரு கருத்துக் கேட்கத் திருவனந்தபுரம் போவதானால் ஆஞ்சியோ சிடியைக் கையோடு கொண்டுபோங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அது அங்கே செல்லுமா என்று கிளம்பும் முன்பே விசாரியுங்கள்.

ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம். பல் பிடுங்க, ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த குளோபிடோகிரெல் மாத்திரையை நிறுத்தலாமா? (குளச்சல்)

நீங்களாக நிறுத்தவே கூடாது; ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்துவிடலாம். சாதாரணப் பல்லை மாத்திரையோடே பிடுங்கலாம், பஞ்சை அழுத்திக் கடித்தால் ரத்தம் நிற்கும். பல் மருத்துவரிடம் சொல்லுங்கள், இதய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மரச்சீனியும் மீன்கறியும் விட வேண்டுமா? (தக்கலை)

மீனை விட வேண்டாம், தேங்காயைக் குறைத்துக் குழம்பு வையுங்கள். சுகர் இருந்தால் மரச்சீனி கொஞ்சமாக. கருவாடு உப்புக் கட்டி, பிரஷர் இருப்பவர்களுக்கு வேண்டாம்.