கல்மலை, சுனை, குளம்: சீமெந்து வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: எங்கள் ஊர் குச்சவெளிப் பக்கம். ஊருக்கு மேற்கே ஒரு கல்மலை. அதில் ஒரு பிள்ளையார் கல்லும் இரண்டு சுனைகளும் பாறையில் வெட்டிய பழைய படிகளும் இருக்கின்றன. அடிவாரத்தில் தூர்ந்துபோன சிறு குளம். கிராம அபிவிருத்திச் சங்கமும் கோயில் பரிபாலன சபையும் சேர்ந்து இவற்றைப் பாதுகாத்து, வருடத்துக்கு ஒருநாள் ஊர்விழாவும் எடுக்க முடிவு செய்திருக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் காசு தருகிறார்கள். சிரமதானம் வைத்துத் துப்பரவாக்கி, படிகளுக்குச் சீமெந்து போட்டு, சுனைகளைத் தோண்டி, குளத்தைப் பெக்கோ விட்டு ஆழமாக்க எண்ணம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் சொன்ன நான்கு வேலைகளில் ஒன்றைக் கைவிடுங்கள், இரண்டை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். சிரமதானத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் முதல் நாளே மண்வெட்டியோடு அல்ல. பழைய இடங்கள் கெடுவது பெரும்பாலும் கவனிக்க ஆளில்லாமல் அல்ல, ஆசையாக முன்வந்த கைகளாலும் தாராளமாக வந்த காசாலும்தான்.

முதலில் எது யாருடைய பொறுப்பு என்று பாருங்கள். மலை அரச காணியாக இருக்கலாம், வன இலாகாவின் ஒதுக்கத்துக்குள் இருக்கலாம், தொல்பொருள் இடமாக அடையாளமிடப்பட்டும் இருக்கலாம். குளத்தின் பாசன நிலம் 80 ஹெக்டேயருக்கு உட்பட்டதானால் அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். அங்கே பதிவான கமக்காரர் அமைப்பைத் தாண்டி சங்கம் தனியாக எதுவும் செய்ய முடியாது. ஒரே கடிதத்தைப் பிரதேச செயலாளர், தொல்பொருள் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம், வன இலாகா, கமநல சேவை நிலையம் ஆகிய நான்கு இடங்களுக்கும் கொடுத்து, கிடைத்ததற்கான கையொப்பத்தைப் பிரதியில் வாங்கி வையுங்கள். கைவரைபடம் ஒன்றும் படங்களும் இணைத்து, ‘புதிய கட்டுமானம் எதுவும் இல்லை’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் தேடி அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைத் திருத்துவதற்கும் அனுமதி வேண்டும். சுனையின் சேற்றை அள்ளுவதுகூடத் தோண்டுவதாகக் கொள்ளப்படலாம். வாய்ச்சொல்லில் ‘செய்யுங்கோ’ என்றதை நம்பி இறங்க வேண்டாம்.

அந்த ஒரு வரி சம்பிரதாயத்துக்கு அல்ல. உங்கள் திருகோணமலை மாவட்டத்தில் பழைய கல் இருக்கும் குன்று எதுவானாலும் அதில் ஒரு கூரையோ சிலையோ கொடியோ புதிதாக எழுந்தால் பாதுகாப்பு வேலை அன்றோடு வழக்காக மாறிவிடும். எந்தச் சமூகம் எழுப்பினாலும் இதே கதைதான். ஆகவே மாடு மேய்ப்பவர், தேன் எடுப்பவர், விறகுக்கு வருபவர், அயலூர் முஸ்லிம், சிங்கள விவசாயிகள் என்று மலையைப் பயன்படுத்தும் எல்லோரையும் முதல் கூட்டத்துக்கே அழையுங்கள். அவர்கள் அந்த இடங்களுக்கு வேறு பெயர் சொன்னால் அதையும் எழுதுங்கள்.

போர்க்காலத்தில் காவலரண் இருந்த மலையானால் பற்றைக்குள் காலை வைக்குமுன் கண்ணிவெடி அகற்றப்பட்டு ஒப்படைத்த பகுதியா என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். ‘நாங்கள் தினமும் மாடு கொண்டுபோற வழி’ என்பது வழிக்கு மட்டும்தான் உத்தரவாதம்.

இனிப் பதிவு. பங்குனியிலிருந்து வைகாசி வரை இதற்கு ஒதுக்குங்கள், மாரி வெள்ளம் வடிந்து காலடி வைக்க இடமிருக்கும். நான்கு பேர் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம்: படி 1, படி 2, சுனை 1, குழி 7 என்று. அளவு, ஜி.பி.எஸ். இடம், மூன்று படங்கள். ஒன்று தூரத்திலிருந்து, ஒன்று நேராக, ஒன்று அளவுகோலோடு. 10 சென்ரிமீற்றருக்குக் கறுப்பும் வெள்ளையும் பூசிய மரச்சட்டம் ஒன்று செய்துகொண்டால் அதுவே அளவுகோல். பாறையில் வெட்டிய பழைய எழுத்து, கோடு, உளித்தடம் எல்லாம் உச்சி வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. காலை 8 மணிக்கு முன், மாலை 4:30க்குப் பின் சாய்ந்த வெளிச்சத்தில் எடுங்கள். அல்லது இருட்டியபின் டோர்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்துத் தெளிவாகத் தெரியட்டும் என்று சோக்குப் போடுவது, எண்ணெய் தடவுவது, விபூதி பூசுவது, கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பது எதுவும் கூடாது. கம்பிப் பிரஷ் பாசியோடு பாறையின் மேல்தோலையும் எடுத்துவிடும். எழுத்து இருப்பது அந்தத் தோலில்தான். எழுத்துள்ள பாறையின் சரியான இடத்தை முகநூலில் போடவும் வேண்டாம். புதையல் தோண்டுகிறவர்கள் உங்களைவிட வேகமாக வந்து சேர்வார்கள்.

பெயர்களுக்கும் இதே அவசரம் உண்டு. இதே மாவட்டத்துச் சம்பூர் மக்கள் போரால் 2006இல் இடம்பெயர்ந்தவர்கள், 2015இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். அந்த இடைவெளியில் வளர்ந்த பிள்ளைக்கு எந்த மடு எது, எந்தக் கல் எது என்று தெரிய வழியில்லை. உங்கள் ஊரிலும் அப்படியொரு இடைவெளி இருந்தால் பெரியவர்களை வீட்டுத் திண்ணையில் வைத்துக் கேட்காமல், ஓட்டோவில் அடிவாரம் வரை கூட்டிக்கொண்டுபோய்க் கேளுங்கள். இடத்தைக் கண்டால் பெயர் தானாக வரும். ‘பழைய கதை சொல்லுங்கோ அப்பு’ என்றால் எல்லோரும் இராவணன் கதைதான் சொல்வார்கள். ‘எந்த மாதம் இந்தச் சுனை வற்றும்? எந்த வருடம் வற்றவே இல்லை? மாடு எந்த வழியால் இறங்கும்? குளம் நிரம்பி வான் பாய்ந்தால் முதலில் எந்த வயல் தாழும்?’ என்று கேளுங்கள். ஒலிப்பதிவின் தொடக்கத்தில் பெயரும் திகதியும் இடமும் சொல்ல வைத்து, வெளியிடச் சம்மதத்தையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். காற்று இரைச்சலைத் தடுக்கப் போனின் மைக்கில் ஒரு துண்டுத் துணி கட்டினால் போதும். மூன்று பிரதி வையுங்கள். ஒன்றை நூலக நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகத்துக்குக் கொடுக்கலாம்.

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தையும், கிடைத்தால் பழைய ஓரங்குல (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்) வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்று காடாகத் தெரியும் இடத்தில் கைவிட்ட குளங்கள் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் குளத்துக்கு மேலே இன்னொன்று இருந்திருந்தால் திட்டமே மாறும். வரண்ட வலயத்துச் சிறுகுளங்கள் ஒன்றிலிருந்து வடியும் நீர் அடுத்ததுக்கு என்று தொடராக அமைந்தவை. இந்தத் தொடர்க்குள முறையை உணவு, விவசாய அமைப்பு 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக ஏற்றுக்கொண்டது. மேலே உடைந்து கிடக்கும் குளத்தை விட்டுவிட்டுக் கீழ்க்குளத்தை மட்டும் ஆழமாக்கினால் வண்டல் மறுபடியும் அதற்குள்தான் வரும்.

படிகளுக்கு வருவோம். கைவிடச் சொன்னது இந்தச் சீமெந்தைத்தான். பாறைக்கு மேல் இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் தடிப்பில் போட்ட பூச்சு பாறையோடு ஒன்றாகாது. கச்சான் காற்று வீசும் காலத்து வெயிலில் இரண்டும் வேறு வேறு அளவில் விரியும், இடையில் மயிர்க்கோடு விழும், மாரியில் அதற்குள் தண்ணீர் நிற்கும். சில மாரிகளில் தட்டினால் டொக் டொக் என்று வெற்றொலி கேட்கும். பிறகு தகடாகக் கழரும்போது உளித்தடத்தோடு பாறைத்தோலையும் கூட்டிக்கொண்டு வரும். படி வழுக்குகிறது என்பதுதான் பிரச்சினையென்றால் படிக்குக் கை வைக்கத் தேவையில்லை. மேலிருந்து தண்ணீர் படி வழியாக ஓடி வருவதைத் திருப்பினால் பாசி குறையும். மாரியில் அந்த வழியை மூடிவிட்டு, பக்கத்து மண்பாதையால் ஏற விடுங்கள்.

அந்த மண்பாதைக்குக் குறுக்குக்கல் பதியுங்கள். 35 முதல் 45 சென்ரிமீற்றர் உயரமுள்ள கற்களை நெருக்கமாக வரிசையாக நட்டு, மூன்றில் இரண்டு பங்கை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். வெளியே தெரிவது 12–15 சென்ரிமீற்றர். வரிசை பாதைக்குச் செங்குத்தாக இருக்கக்கூடாது, ஏறக்குறைய 45 பாகை சாய்வு வேண்டும். செங்குத்தாக வைத்தால் ஒரே மழையில் பின்னால் மண் நிரம்பித் தண்ணீர் மேலால் பாயும். சாய்வாக இருந்தால் தண்ணீரே மண்ணைத் தள்ளிக்கொண்டு போய்விடும். இரு பக்கமும் பாதையைத் தாண்டி 30 சென்ரிமீற்றர் நீளட்டும், இல்லாவிட்டால் ஓரத்தால் சுற்றி அரிக்கும். 10 மீற்றர் நடந்தால் 1 மீற்றர் ஏறும் சரிவுக்கு 15 மீற்றருக்கு ஒரு வரிசை, 5 மீற்றருக்கு 1 மீற்றர் ஏறினால் 6–8 மீற்றருக்கு ஒன்று. தண்ணீர் வெளியேறும் வாயில் உடைகல் பரப்புங்கள். இதற்கு அலவாங்கு, பிக்காசு, ஆறேழு பேர் போதும், ஒரு மூடைச் சீமெந்தும் வேண்டாம். கல்லை மலையிலிருந்து பெயர்க்காதீர்கள். சிதறிக் கிடக்கும் கல்லிலும் உளித்தடம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

சுனை வேலையை அனுமதி வந்தபின் ஆவணியில், தண்ணீர் அடியில் நிற்கும்போது வையுங்கள். இரண்டையும் ஒரே வருடத்தில் இறைக்கக்கூடாது. ஒன்றில் தவளையும் மீன்குஞ்சும் ஒதுங்க இடமிருக்கட்டும். சேற்றை 10 சென்ரிமீற்றர் படையாக, கையாலும் சிரட்டையாலும் எடுத்து, படைக்கு ஒன்றாகப் படங்கில் தனித்தனியே கொட்டுங்கள். ஓட்டுத்துண்டு, மணி, காசு எது கண்டாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி, அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். முடித்ததும் குளோரின் தூள் போடுவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. குடிக்காத சுனைக்கு அது எதற்கு?

குளத்தில்தான் காசு கரையும். கணக்கைப் பாருங்கள்: அரை ஏக்கரில் ஓரடி ஆழம் எடுத்தால் 21,780 கன அடி, அதாவது ஏறத்தாழ 218 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). வெட்டிய மண் பொருமி ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஒரு உழவு இயந்திரப் பெட்டி ஒரு கியூப் என்று வைத்தால் 260 பெட்டி. அவ்வளவு மண்ணை எங்கே கொட்டுவது என்று முடிவு செய்யாமல் பெக்கோவுக்கு முற்பணம் கொடுக்காதீர்கள். ஊருக்கு வெளியே ஏற்றினால் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப் பிரச்சினை வரும். குளக்கட்டில் தள்ளிவிடலாம் என்று சாரதி சொல்வார், விடாதீர்கள். இலைமக்கு கலந்த வண்டல் இறுகாது, அதன் வழியே நீர் கசிந்து குழாய்போல் வழி உண்டாகும். தென்னங்கன்றுக்கும் வீட்டுத்தோட்டத்துக்கும் அந்த வண்டல் நல்லது.

ஆழத்துக்கும் எல்லை உண்டு. துருசின், அதாவது வயலுக்கு நீர் திறக்கும் மதகின், அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. மாட்டுக்கும் கிணறுகளின் ஊற்றுக்கும் உதவும், அவ்வளவே. அடியில் நீரைத் தாங்கி நிற்பது களிப்படை. அதைக் கிழித்தால் மாரியில் நிரம்பிய குளம் மாசியில் வெறுமையாகிவிடும். வெட்டுமுன் நாலைந்து இடத்தில் கைக்குழி போட்டு வண்டல் எவ்வளவு, களி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். குளக்கட்டின் அடியிலிருந்து குறைந்தது 10 மீற்றர் விட்டுத்தான் வெட்ட வேண்டும். கட்டின் மேல் பெக்கோவோ ரிப்பரோ ஏறவே கூடாது. கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20ஆம் திகதி உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்த மாவட்டம் இது. சிறு குளத்துக்குக் கீழேயும் வீடுகள் இருக்கின்றன.

கட்டில் முளைத்திருக்கும் மணிக்கட்டுத் தடிப்புக்கு உட்பட்ட செடிகளை வெட்டலாம். பெரிய மரத்தைத் தறித்தால் வேர் உக்கித் துளை விழும், அதைக் கமநல உத்தியோகத்தர் பார்த்துச் சொல்லட்டும். தண்ணீரில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மரம் நடுவதென்றால் குளத்தின் மேல்கரையில், ஐப்பசி கடைசியில், முதல் மழை நனைத்த பிறகு. தண்ணீர் ஓரம் மருது, மேட்டில் பாலை, வீரை, நாவல். ஒன்றரை அடிக் குழி, சுற்றி முள்வேலி. வேலி இல்லாத கன்று மாட்டுத் தீவனம். தேக்கும் யூக்கலிப்டஸும் வேண்டாம்.

நெருப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மலைக்கு அதுதான் பெரிய எதிரி. கினிப்புல் ஆள் உயரம் வளர்ந்து ஆனியில் காய்ந்து நிற்கும், கச்சானில் ஒரு பீடி போதும். எரியும் புல்லின் சூட்டில் பாறை படபடவென்று வெடித்துத் தகடு தகடாக உரியும். வைகாசி முடிவதற்குள் அடிவாரத்தைச் சுற்றி மூன்று மீற்றர் அகலத்துக்கு வெட்டிச் சுத்தமாக்குங்கள். வெட்டிய புல்லைப் பாறையில் குவித்து எரிக்காமல் வெளியே இழுத்துப் போடுங்கள்.

விழாவை மாசியில் வையுங்கள். மழை விட்டிருக்கும், சுனையில் தண்ணீர் இருக்கும், புல் பச்சையாக இருக்கும். பொங்கலும் பேச்சும் அடிவாரத்தில். மலைக்கு ஒரு தடவைக்கு இருபது பேர், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பாறை விளிம்பில் மலைத்தேன் கூடு தொங்கினால் ஒலிபெருக்கி, ஜெனரேற்றர், வெடி, புகை எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது. கூடு இருக்கும் வருடம் அந்த வழியையே மூடிவிடுங்கள். யானை நடமாட்டம் இருந்தால் காலை 7 மணிக்கு முன் ஏறுவதும் மாலை 5க்குப் பின் இறங்குவதும் வேண்டாம். அறிவிப்புப் பலகையைப் பாறையில் துளையிட்டுப் பொருத்தாமல், அடிவார மண்ணில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் நிறுத்துங்கள். மூன்று மொழியிலும் ஒரே செய்தி, மொழிக்கு அறுபது சொல்லுக்குள். ஊர்வழக்கு எது, ஆய்வில் உறுதியானது எது என்று பலகையிலேயே பிரித்து எழுதிவிடுங்கள்.

வரும் காசில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் சங்கத்தின் வங்கிக் கணக்கில், இரண்டு கையொப்பத்தோடு, ஐந்து வருடப் பராமரிப்புக்கென்று ஒதுக்குங்கள். ஒவ்வொரு வைகாசியும் தீத்தடுப்பு, ஒவ்வொரு புரட்டாசியும் குறுக்குக்கல்லுக்குப் பின்னால் சேர்ந்த மண்ணை வழிப்பது, ஒவ்வொரு தையும் அதே இலக்கங்களை அதே இடத்தில் நின்று மீண்டும் படமெடுப்பது. காசு அனுப்பும் பிள்ளைகளுக்கு அந்தத் தை மாதப் படங்களை வாட்ஸ்அப்பில் போடலாம், எழுத்துள்ள பாறையைத் தவிர்த்து.