35 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் தூரிகை

கேள்வி: எனக்கு 62 வயது. திருச்சியில் விலங்கியல் படித்த காலத்தில் காவிரிக் கரைப் பறவைகளை மையாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்து வந்தேன். திருமணமாகிப் பெங்களூருக்கு வந்தபின், வங்கி வேலை, குடும்பம் என்று 35 ஆண்டுகள் தூரிகையைத் தொடவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு, இணையத்தில் கிடைத்த புகைப்படத்தைப் பார்த்து ஒரு புலியை வரைந்தேன். பொம்மை போல இருக்கிறது. பழைய படங்களை எடுத்துப் பார்த்தால் அழுகை வருகிறது. போதாக்குறைக்கு, வலது கண்ணில் மட்டும் புரை அறுவை சிகிச்சை ஆகியிருப்பதால் வண்ணங்களிலும் குழப்பம். இனி முடியுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: முடியும், அம்மா. ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கல்லூரி நாட்களில் உங்கள் படங்கள் உயிரோடு இருந்ததற்கு, அதே பறவைகளை ஆற்றங்கரையில் நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்ணே முதற்காரணம். புலியிடம் உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. புகைப்படம் ஒரு கணத்தைத்தான் காட்டும். நடக்கும்போது தோலுக்கு அடியில் தோள் எலும்பு எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அது சொல்லாது. வரிகள் சரியாக விழுந்தும் உடல் பொம்மையாகிப் போனது அதனால்தான். பழைய படங்களைக் கொஞ்ச நாள் பரணில் வையுங்கள்.

வீட்டுக்கு அருகிலேயே அல்சூர் ஏரி இருக்கிறது. காலை வெயில் ஏறுமுன் போய், மடையானைத் தேடுங்கள். கழுத்தை உள்ளிழுத்து நிற்கும்போது மண்நிறக் கோடுகளுடன் கரையோடு கரையாக மறைந்திருக்கும். எழுந்து பறந்ததும் வெள்ளைச் சிறகுகள் பளிச்சென்று விரியும். அந்த வெள்ளையை, தாளில் வண்ணம் பூசாமல் விட்டுவைத்துக் காட்டும் வித்தை உங்கள் கைக்குத் தெரிந்ததே. கால்களை மட்டும் கவனமாகப் பாருங்கள்: பின்பக்கம் மடிவதுபோல் தெரிவது கணுக்கால், முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. இது தவறினால் பறவை நிற்காது, தொங்கும். நீர்க்காகம் இன்னும் தயவானது. நனைந்த இறக்கைகளை விரித்து உலர்த்திக்கொண்டு நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்கும். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம் போதும். பறவை திரும்பிவிட்டால் அந்தக் கோட்டை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாகத் தொடங்குங்கள். முதல் மாதத்தில் ஒரு படத்தையும் முடிக்காதீர்கள். சாதாரண நோட்டும் 2பி பென்சிலும் போதும், விலை உயர்ந்த தாள் காத்திருக்கட்டும்.

கண்ணைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. புரை படிந்த வில்லை மஞ்சளித்து நீல ஒளியைத் தடுக்கும். அதை எடுத்துவிட்ட கண்ணுக்கு நீலம் கூடுதலாகத் தெரியும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1923இல், 82 வயதில், உங்களைப் போலவே வலது கண்ணில் மட்டும் அறுவை செய்துகொண்டு, வண்ணங்கள் மாறித் தெரிந்ததால் பெரிதும் தவித்தார். ஆனாலும் வரைவதை விடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள், வேறுபாடு விளங்கும். இடது கண்ணைப் பற்றி மருத்துவர் முடிவு செய்யும்வரை வண்ணத்தைத் தள்ளிவைத்து, கறுப்பு மைக்குத் திரும்புங்கள் என்பது என் ஆலோசனை. மா. கிருஷ்ணன் (1912–1996) தம் இயற்கைக் கட்டுரைகளுக்குத் தாமே கறுப்பு மையில் படம் வரைந்தவர். காட்டுயிருக்கு வண்ணம் கட்டாயமில்லை என்பதை அவற்றைப் பார்த்தால் உணர்வீர்கள். இன்னொன்று: தூரத்துப் பறவையையும் மடியிலுள்ள தாளையும் மாறி மாறிப் பார்க்க நேர்வதால், கண்ணாடி மாற்றும்போது அதையும் சொல்லிக் கேளுங்கள்.

கை பழகிய பிறகு, ஜனவரிக்கு மேல், மத்தூர் பக்கத்திலுள்ள கொக்கரே பெள்ளூருக்கு ஒருநாள் போய் வாருங்கள். பெங்களூரிலிருந்து சுமார் 80 கி.மீ. ஊருக்குள்ளேயே, புளியமரங்களில் கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூடு கட்டும். பெரிய பறவைகள், ஒரே கூட்டுக்குத் திரும்பத் திரும்ப வருபவை. ஆகையால் பாதியில் விட்ட கோட்டை, அவை திரும்பியதும் தொடரலாம். மரத்தடிக்குப் போய்க் கூட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஊர்க்காரர் யாரிடமாவது கேட்டுக்கொண்டு, எதிர்த் திண்ணையில் உட்காருங்கள்.