“நாய்க்கு எதுக்கும்மா பிசியோதெரபி?”

கேள்வி: எங்கள் நாயை ராமேஸ்வரம் ரோட்டில் வேன் அடித்துவிட்டது. எலும்பு முறியவில்லை, முதுகில்தான் அடி என்று டாக்டர் ஊசி போட்டார். இப்போது பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்கிறது. பிசியோதெரபி பற்றிக் கேட்டால், “அதெல்லாம் மனுஷங்களுக்குத்தாம்மா” என்கிறார். அவ்வளவுதானா?
- வாசகி, மண்டபம்

பதில்: இல்லைம்மா, அவர் சொன்னது சரியில்லை. விலங்குகளுக்கான பிசியோதெரபிக்கு பிரிட்டனில் 1962-லேயே சட்டத்தில் இடம் கொடுத்துவிட்டார்கள். கால்நடை மருத்துவர் பார்த்த பிறகுதான் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அமெரிக்காவில் 2010-லிருந்து இது தனி சிறப்புப் பிரிவு.

ஆனாலும் உங்கள் டாக்டரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். சினை ஊசி, கோமாரி ஊசி என்று ஆடு மாடுகள் வரிசையில் நிற்கிற இடத்தில், ஒரு நாய்க்கு அரைமணி நேரம் காலை நீட்டி மடக்க ஆள் கிடையாது. பலருக்குப் படிக்கும்போது இதில் கைப்பழக்கமும் கிடைத்திருக்காது. அப்புறம், யாராவது அரைகுறையாக முதுகைத் திருகிவிடுவார்களோ என்ற பயமும் உண்டு, அது நியாயமான பயம்.

அதனால் பொதுவாகக் கேட்காமல் குறிப்பாகக் கேளுங்கள். எத்தனை நாள் அசையாமல் படுக்க வைக்க வேண்டும்? பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினால் வலி தெரிகிறதா? கால் தானாகச் சுருங்குவதை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது, தண்டுவடத்துக்குள்ளேயே முடிந்துபோகிற அனிச்சைச் செயல் அது. நாய் திரும்பிப் பார்த்தால், கத்தினால், கடிக்க வந்தால் வலி மூளைவரை போகிறது என்று அர்த்தம். அப்படியென்றால் நடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஓய்வு முடிந்து அவர் சரி என்ற பிறகு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூட்டுக்கு மேலும் கீழும் பிடித்து மெதுவாக மடக்கி நீட்டுங்கள், ஒவ்வொரு மூட்டுக்கும் பத்துத் தடவை, நாளைக்கு இரண்டு மூன்று முறை. உறுமினால் அதோடு நிறுத்திவிடுங்கள். நிற்கப் பழக்கும்போது பழைய துண்டை அடிவயிற்றில் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கலாம், டைல்ஸ் தரையில் வேண்டாம், சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். புண் ஏதும் இல்லையென்றால் அப்புறம் கடலும் உதவும்: கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் வடகடல், வாடையில் தென்கடல், எது அமைதியாக இருக்கிறதோ அங்கே இறக்கி, துண்டை விடாமல் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் காலை அசைக்க விடுங்கள். உப்புத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. சிறுநீர் தானாகப் போகிறதா பாருங்கள். வயிறு கெட்டியாகி, சொட்டுச் சொட்டாக மட்டும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோய்விடுங்கள்.