சுடிதார் எடுக்கப் போய் பட்டுப்புடவையோடு வந்தேன்!

கேள்வி: மகள் இந்த வருஷம் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். ஆடித் தள்ளுபடியில் அவளுக்கு நாலைந்து சுடிதார் எடுக்கத் தி.நகர் போனோம். எடுத்து முடித்து லிஃப்ட்டுக்கு நிற்கும்போது, "மேல பட்டு செக்‌ஷன், சும்மா பாத்துட்டுப் போங்கம்மா" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட பட்டுப்புடவைக்கு 12,800 ரூபாய் பில் போட்டாயிற்று. ஹாஸ்டலுக்குக் கட்ட வைத்திருந்த பணம் அது. கணவரிடம் சொல்லவில்லை. பீரோவில் பெட்ஷீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருக்கிறது. என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. என்ன செய்யட்டும் அக்கா?
*– பெயர் வேண்டாம், செங்கல்பட்டு*

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. அந்தப் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கக் கொடுக்காதீர்கள். குஞ்சம் கட்டாதீர்கள், பிளவுஸ் துணியை வெட்டாதீர்கள், விலைச்சீட்டைக் கழற்றாதீர்கள். மடிப்பு கலையாமல் பில்லோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வாரநாளில், கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போங்கள். கவுன்ட்டரில் நிற்கும் பிள்ளையிடம் கேட்டுப் பயனில்லை, அதற்கு அந்த அதிகாரம் கிடையாது. ஃப்ளோர் சூப்பர்வைசரைப் பாருங்கள். பணம் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள். "இதற்குப் பதில் மகளுக்கும் வீட்டுக்காரருக்கும் வேண்டிய துணிமணி எடுத்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். தீபாவளிக்கு எப்படியும் எடுக்க வேண்டியதுதானே? அந்தச் செலவு மிஞ்சும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. அதனால் கடைக்குப் போகும் முன், பழைய மடிப்பிலேயே திரும்ப மடிக்கிற மாதிரி வீட்டில் வெளிச்சத்தில் பதமாக விரித்து, இழை அறுந்திருக்கிறதா, கறை இருக்கிறதா, சாயம் திட்டுத்திட்டாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பில்லில் எதை அச்சடித்திருந்தாலும் நீங்கள் கேட்கலாம். மறுத்தால் 1915-க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். ஆனால் புடவை நன்றாக இருந்து நம் மனசு மட்டும் மாறினால், கடைக்காரர் இரக்கப்பட்டால்தான் உண்டு.

இனி வெட்கம் பற்றி. பட்டு கவுன்ட்டரில் பல வருஷம் நின்று புடவை விரித்துப் போட்டவள் நான். நீங்கள் ஏமாளி இல்லை. ஆசையைக் கிளப்பவென்றே அந்தத் தளம் அமைந்திருக்கிறது. மஞ்சள் விளக்கு சரிகையை எடுத்துக் காட்டும். ஏசி, உட்கார நாற்காலி, பிள்ளைகளுக்குக் கூல்ட்ரிங்க்ஸ். விலைச்சீட்டு மடிப்புக்குள்ளே போய்விடும், முந்தானைதான் முதலில் விரியும். அப்புறம் "தோள்ல போட்டுப் பாருங்கம்மா, போட்டாத்தான் தெரியும்" என்பார்கள். கண்ணாடி முன்னால் ஒரு தோளில் மட்டும் புடவை விழும், முகத்தில் அதன் நிறம் அடிக்கும். கூட வந்த மகள், "அம்மா, சூப்பரா இருக்கும்மா" என்பாள். அந்த இடத்தில் வாங்குவதென்று முடிவாகிவிடுகிறது. பில் கவுன்ட்டர் வெறும் சடங்கு. தோளில் போட்ட புடவையை வேண்டாம் என்று கழற்றிக் கொடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதனால் தடுக்க வேண்டிய இடம் தோளுக்கு முன்னால். "விலை என்ன?" என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். நாம் நினைத்த தொகைக்கு மேல் போனால் விரிக்கவே விடாதீர்கள். பிடித்துப்போனால், வாசல் பக்கமோ ஜன்னல் பக்கமோ பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மாம்பழ மஞ்சள் என்று எடுத்தது வெயிலில் எலுமிச்சையாக வெளுத்து நிற்பதுண்டு. அந்த நாலு எட்டு நடந்துவிட்டு வருவதற்குள் மனசும் கொஞ்சம் இறங்கும். "இதுதான் கடைசி பீஸ்" என்றால் பதறாதீர்கள். ரொம்ப நாள் ஓடாத சரக்கைத் தள்ளிவிட்டால் தனி இன்சென்டிவ் தரும் கடைகள் உண்டு.

"அந்தப் பொண்ணு எவ்வளவு புடவை பிரிச்சுப் போட்டுச்சு, ஒண்ணாவது எடுக்கலைன்னா பாவம்" என்று வாங்குகிறவர்கள் ஏராளம். வேண்டாம். பிரிப்பதும் மடிப்பதும் எங்கள் வேலை; "நல்லா காட்டினேம்மா, இன்னொரு நாள் வரேன்" என்று ஒரு வார்த்தை சொன்னாலே போதும். அவர்கள் மேல் இரக்கம் இருந்தால், கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஸ்டூல் இல்லையென்றால் முதலாளி காதில் விழும்படி கேளுங்கள். எனக்கு அது பெரிய உதவி செய்த மாதிரி.

கணவரிடம் இன்று இரவே சொல்லிவிடுங்கள். ஹாஸ்டல் பணத்துக்குக் கெடு இருக்கும். அவருக்குத் தெரியாமல் வெளியே கைமாற்று வாங்கினீர்களானால், 12,800-ஐ விடப் பெரிய தொல்லை. கடை மாற்றித் தராவிட்டால், அந்தப் புடவையை ஒளித்து வைக்காமல் அடுத்த விசேஷத்துக்குக் கட்டுங்கள். மடித்தே வைத்தால் மடிப்பில் சரிகை ஒடிந்து பட்டு இற்றுப்போகும்.

கேள்வி: 'சில்க் மார்க்' சீட்டு இருந்தால் முழுக்க அசல் என்று நம்பலாமா?
*– ஒரு வாசகி, ஆரணி*

பதில்: பட்டு நூல் அசல் என்பதற்கு மட்டும்தான் அது உறுதி. கைத்தறியா, விசைத்தறியா, சரிகை எப்படிப்பட்டது என்பதெல்லாம் அதில் வராது. சுத்த சரிகை என்றால் உள்ளே சிவப்புப் பட்டு இழை, அதன்மேல் வெள்ளிக் கம்பி, அதற்கு மேல் தங்கமுலாம். ஓரத்தில் ஒரு இழையைச் சுரண்டினால் சிவப்பு தெரியும். பட்டில் சந்தேகம் வந்தால் நூல் ஒன்றை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகி உருண்டையாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர். இதையெல்லாம் கடைக்குள் செய்ய விடமாட்டார்கள். "சுத்தப் பட்டு, சுத்த சரிகை, கைத்தறி" என்று வாயால் சொன்னதை அப்படியே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் எடுக்க வேண்டாம்.