பதில்: புதிதாக வந்தவர்களுக்கு ஓட்டு இல்லையா?
தண்டையார்பேட்டையில் ஃபிளாட் வாங்கி ஆறு மாதம் ஆகிறது, தண்ணீர் லாரி நேரத்தை மாற்றும் வாட்ஸ்அப் ஓட்டெடுப்பில் 'புதுசா வந்தவங்க பொறுங்க' என்றார்கள் என எழுதியிருந்தீர்கள். அது நியாயமே இல்லை. பராமரிப்புக் கட்டணம் நீங்களும்தானே கட்டுகிறீர்கள்?

முதலில் ஃபிளாட் சங்கத்தின் செயலாளரிடம் பைலா, அதாவது சங்க விதிமுறைகளின் நகல் கேளுங்கள். சங்கம் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது என்றால் கண்டிப்பாக பைலா இருக்கும்; யாருக்கு ஓட்டு என்று அதில் பாருங்கள்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று பெயரோடு தெரிந்துவிடும். தலைவர் முதலில் போட்டால் புதியவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். மொட்டைமாடியில் கூட்டம் போட்டு, சீட்டில் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

பழையவர்கள் 2019 பஞ்சத்தில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர்கள். அவர்கள் சொல்வதையும் கேளுங்கள். ஆனால் விடியற்காலை ஷிப்டுக்கு ஓடுகிற உங்கள் கஷ்டத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.