கணினிக் கேள்வி–பதில்: வயரைக் கழற்றினீர்களா?

கேள்வி: எங்கள் சிக்கனக் கடனுதவிச் சங்கத்தின் கணக்கெல்லாம் ஒரே கணினியில்தான். கொழும்பில் அரசாங்கத்தின் மின்னஞ்சலே அழிந்ததாமே, நாங்கள் எம்மாத்திரம்?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: அழிந்தது உண்மைதான். 2023 ஓகஸ்டில், அரச நிறுவனங்களுக்கான பொதுக் கணினித் தொகுதியான லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் புகுந்தது. ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. மின்னஞ்சல் மென்பொருள் பழைய 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, அது ஒரு பிழை. அதைவிடப் பெரிய பிழை, இணைப்பிலேயே இருந்த பேக்கப்பும் (காப்பு நகலும்) சேர்ந்து பூட்டுப்பட்டது.

சங்கங்களிலும் இதே பிழைதான். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கிக் கணினியின் பின்னால் சொருகி அப்படியே விட்டுவிடுவார்கள். கணினியின் கண்ணுக்குத் தெரிகிற டிஸ்க் ரான்சம்வெயாருக்கும் தெரியும். கூகுள் டிரைவ் மட்டும் போதும் என்றும் இருக்கவேண்டாம். பூட்டுப்பட்ட கோப்பும் அங்கே ஏறி நல்லதன் மேல் உட்காரும். பழைய பதிப்பு 30 நாள்வரைதான் கிடைக்கும்.

1 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கி ‘அ’, ‘ஆ’ என்று ஒட்டுங்கள். வெள்ளி மாலை கணக்கு மூடியதும் இந்த வாரம் அ, அடுத்த வாரம் ஆ. நகல் முடிந்ததும் ‘எஜெக்ட்’ கொடுத்துக் கழற்றி, ஒன்றை அலுவலகத்திலும் மற்றதைப் பொருளாளர் வீட்டிலும் வையுங்கள். மார்கழி வெள்ளம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல, அலுமாரியின் அடித்தட்டு வேண்டாம். நகலின் நடுவில் கரண்ட் போனால் கோப்பு பழுதாகலாம். யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். வீட்டுக்குப் போகும் டிஸ்க்கில் உறுப்பினர் விபரம் இருப்பதால், விண்டோஸ் ப்ரோ என்றால் அதிலேயே உள்ள பூட்டு வசதியான பிட்லொக்கரால் பூட்டி, 48 இலக்க மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதி வேறிடத்தில் வையுங்கள்.

மாதம் ஒருதரம் அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். கணக்கு மென்பொருள் தன் தரவை எங்கோ ஒரு கோப்புறையில் வைத்திருக்கும். நீங்களோ டெஸ்க்டொப்பை மட்டும் நகலெடுத்திருப்பீர்கள். அடிபட்ட பிறகு இது தெரியவந்து பயனில்லை.

தாக்கப்பட்டால் வலைக் கம்பியையும் வைஃபையையும் துண்டியுங்கள். திரையைப் படமெடுத்துக்கொண்டு கணினித் தாக்குதல்களுக்கு உதவும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101க்கு அழையுங்கள். ஃபோர்மட் பண்ண அவசரப்படவேண்டாம். சிலவகை ரான்சம்வெயாருக்கு ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் இலவசச் சாவி உண்டு, ஆனால் பூட்டுப்பட்ட கோப்பு கையில் இருந்தால்தான் அது உதவும்.

கேள்வி: மருந்தகத்தின் வாடிக்கையாளர் பட்டியலை சட்ஜிபிடியில் போட்டுத் தரம்பிரிக்கலாமா? ஏஐக்குச் சட்டம் இருக்கிறதா?
– வாசகி, கல்முனை

பதில்: ஏஐக்கென்று தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. 2024இல் வெளியான தேசிய ஏஐ மூலோபாய வரைவு யாரையும் தண்டிக்காது. உங்களைக் கட்டுப்படுத்துவது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. அதை நம்பிச் சும்மா இருக்கவேண்டாம்: உடல்நலத் தரவு அதில் விசேட வகை, தண்டம் ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபா வரை போகலாம்.

பெயரை நீக்கினால் போதும் என்றே பலர் நினைக்கிறார்கள். அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த வருடமும், அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன; பெண்ணென்றால் அந்த நாள் எண்ணோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே பெயர், அட்டை இலக்கம், தொலைபேசி மூன்றையும் எடுத்துவிட்டு 1, 2, 3 என்று வரிசை எண் போடுங்கள். எண்ணுக்குரிய ஆள் யார் என்ற பட்டியல் கடைக் கணினியைத் தாண்டக்கூடாது.

கேள்வி: கத்தாரில் இருக்கும் மகனின் குரலில் “உம்மா, அவசரமாகக் காசு போடுங்க” என்று வட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. குரல் அவன்தான், நம்பர் புதிது.
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: குரலை அடையாளமாக எடுக்காதீர்கள். முகநூலில் போட்ட சிறு வீடியோ இருந்தாலே இன்றைக்கு ஒருவர் குரலைப் போலியாகச் செய்யலாம். அழைப்பை வெட்டிவிட்டு மகனின் பழைய நம்பருக்கு நீங்களே எடுங்கள். வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பவேண்டாம்.

காசு போய்விட்டதா? முதலில் வங்கிக்கு அழையுங்கள், பிறகு பொலிஸ். எஸ்எம்எஸ்ஸில் வந்த 6 இலக்கத்தை யாருக்காவது சொல்லி வட்ஸ்அப்பே பறிபோனால், உங்கள் நம்பரை மீண்டும் பதிவுசெய்யுங்கள், மற்றவர் வெளியேற்றப்படுவார். அவர் இரண்டாம் பூட்டாக ஒரு பின் (PIN) இலக்கம் போட்டிருந்தால் மட்டும் 7 நாள் காத்திருக்க நேரும். அந்தப் பின் இலக்கத்தை இன்றைக்கே நீங்கள் போட்டுவிடலாம்: செட்டிங்ஸ், அக்கவுன்ட், டூ-ஸ்டெப் வெரிபிகேஷன்.