இரண்டே இரண்டு பிஸ்கட்டுக்கு அளவு உண்டா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 64 வயது, ஊர் திருச்சி. மகளின் பிரசவத்துக்காக மனைவி பெங்களூருக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. திரும்பி வர இன்னும் மூன்று மாதம் ஆகுமாம். சோறு, குழம்பு எனக்கு ஓரளவு வரும், பட்டினி இல்லை. நாலு மணி டீக்குத்தான் ஏதாவது கடிக்க வேண்டியிருக்கிறது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. பாக்கெட்டைப் பிரித்தால் எனக்கு மூடத் தெரியாது என்பதால் கடை பிஸ்கட்டுக்கு மனைவி தடை போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். வேண்டும்போது இரண்டு மட்டும் சுட்டுக்கொள்ளலாமே என்று, மகள் வாங்கிக் கொடுத்துச் சும்மா கிடந்த ஓடிஜி என்கிற மின்சார பேக்கிங் அடுப்பை எடுத்தேன். ஒரு வீடியோவில் 12 பிஸ்கட்டுக்குச் சொன்ன அளவுகளை ஆறால் வகுத்தேன். முட்டையை எப்படி வகுப்பது? முழுதாக ஊற்றினேன். தோசை மாவு மாதிரி ஆனது. மைதாவைச் சேர்த்துக்கொண்டே போனேன், சோடாவையும் கண்ணளவில் கூட்டினேன். பதினாறு பிஸ்கட் வந்தது. எல்லாம் கல், கசப்பு வேறு. இரண்டே பிஸ்கட்டுக்கு அளவு என்று ஒன்று உண்டா? "ஒத்தை ஆளுக்கு இத்தனை அமர்க்களமா?" என்று கேட்கிறார் என் மச்சினர். அது நியாயம்தானோ?

பதில்: வணக்கம் சார். மச்சினரை முதலில் முடித்துவிடுவோம். திருச்சியில் தனியாக இருக்கிற எத்தனையோ பேர் காலையில் ஒரே ஒரு டம்ளர் காபிக்காக ஃபில்டரைக் கழுவி, தூள் போட்டு, வெந்நீர் ஊற்றி, டிகாக்‌ஷன் இறங்கும்வரை காத்திருக்கிறார்கள். அதை அமர்க்களம் என்று யாரும் சொல்வதில்லை. பிஸ்கட் என்றதும் மட்டும் ஏன் அப்படித் தோன்றுகிறது என்றால், அது நமக்கு எப்போதும் டின் கணக்கில் வந்த பண்டம். நான் சின்னவளாக இருந்தபோது தீபாவளிக்கு முன்னால் அம்மா மைதா, சர்க்கரை, டால்டா எல்லாவற்றையும் தூக்குவாளியில் கட்டிப் பேக்கரிக்குக் கொடுத்தனுப்புவார். கூலி வாங்கிக்கொண்டு அவர்கள் சுட்டுத் தருவார்கள். ஒரு டின் வந்தால் பொங்கல் வரை ஓடும். கிலோவுக்குக் குறைந்து பிஸ்கட் போடலாம் என்று அம்மாவுக்கும் தெரியாது, பேக்கரிக்காரருக்கும் தெரியாது. நமக்கு மட்டும் எங்கிருந்து தெரியும்?

இனி உங்கள் பதினாறு கல்லுக்கு வருவோம். ஆறால் வகுத்ததில் கணக்குத் தப்பு இல்லை. ஆனால் வகுபடாத ஒரு பொருள் உள்ளே உட்கார்ந்திருந்தது. ஓடு நீக்கிய ஒரு முட்டை சுமார் 50 கிராம். அதில் ஆறில் ஒரு பங்கு எட்டு கிராம், அதாவது இரண்டு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. நீங்கள் ஊற்றியதோ ஐம்பது. அந்த ஈரத்தைக் குடிக்க மைதா போடப் போட, வெண்ணெய் இரண்டு பிஸ்கட்டுக்கும் மாவு பதினாறு பிஸ்கட்டுக்கும் என்று ஆகிவிட்டது. கொழுப்புப் போதாத மைதாவை முட்டையின் ஈரத்தில் பிசைந்தால் சப்பாத்தி மாவுபோல இழுவை வந்துவிடும். அதை அடுப்பில் வைத்தால் கல்தான். கசப்பு சோடாவின் வேலை. 25 கிராம் மைதாவுக்கு இரண்டு விரலில் எடுக்கிற சிட்டிகையே அதிகபட்சம். மூன்றாவது விரல் சேர்ந்தாலே அளவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லப்போவது முட்டையும் சோடாவும் இல்லாத நெய் பிஸ்கட். நான்கட்டாய் என்று சொல்வார்களே, அதுதான். சூரத்துப் பக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். மாவு, சர்க்கரை, நெய் இந்த மூன்றுதான். மூன்றையும் எவ்வளவு சின்னதாக வேண்டுமானாலும் பிரிக்கலாம்.

அளவுதான் இதில் முக்கியம். ஒரு கிலோ மாவில் பத்து கிராம் கூடிக் குறைந்தால் ஒன்றும் ஆகாது. 25 கிராமில் ஐந்து கிராம் தப்பினால் வேறு பண்டமாகிவிடும். வீட்டு ஸ்பூன்களை நம்பாதீர்கள், ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒரு சைஸ். தராசு வாங்கச் சொல்லவும் மாட்டேன். இருமல் மருந்து பாட்டிலோடு ஒரு பிளாஸ்டிக் மூடி வருமே, பக்கத்தில் 5, 10, 15 மி.லி. என்று கோடு போட்டு? வீட்டில் தேடினால் ஒன்றாவது கிடைக்கும். நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவையுங்கள். அதுதான் இனி உங்கள் படி.

15 மி.லி. கோடு வரை மைதா மூன்று முறை. அழுத்தாமல், உதிரியாகப் போட வேண்டும். மூன்றாவது முறையில் பாதியைக் கடலை மாவாக மாற்றிக்கொண்டால் வாசனை எடுக்கும். சர்க்கரைப் பொடி ஒன்றரை முறை. உருக்கிய நெய் ஒரு முறை. உப்பு இரண்டு விரல் சிட்டிகை.  அவ்வளவுதான், மொத்தம் ஐம்பது கிராம் மாவு வரும், அதில் இரண்டு பிஸ்கட். சர்க்கரையை இவ்வளவு கொஞ்சமாக மிக்ஸியில் போட்டால் பிளேடுக்கு எட்டாது, சுவரில்தான் ஒட்டும். அரை கப் சர்க்கரையை நாலு ஏலக்காயோடு ஒரேயடியாகப் பொடித்துப் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டில் பல நாள் வரும்.

நெய்யை அளந்த கையோடு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். திருச்சி வெயிலில் நெய் தண்ணீராக இருக்கும். அதே நிலையில் கலந்தால் அடுப்பில் வைத்த ஐந்தாவது நிமிடம் உங்கள் பிஸ்கட் அப்பளமாகப் பரந்துவிடும். மணல் மணலாக உறைந்து, விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும். அந்தப் பதத்தில் எடுத்து, சர்க்கரைப் பொடியைப் போட்டு விரல் நுனியால் தேய்க்கத் தொடங்குங்கள். ஸ்பூனால் வேண்டாம், இந்தச் சின்ன அளவுக்கு விரலைப்போல எதுவும் வராது. மூன்று, நான்கு நிமிடத்தில் மஞ்சள் வெளுத்து, சந்தனம் குழைத்த மாதிரி ஆகும். சோடா போடாத பிஸ்கட்டைக் கரகரவென்று உதிர வைப்பது இந்தத் தேய்ப்பில் உள்ளே போகிற காற்றுதான். பொறுமை முழுவதையும் இங்கே செலவழித்துவிடுங்கள், மற்ற இடங்களில் தேவைப்படாது.

அப்புறம் மாவைக் கொட்டி, பிசையாமல், கூட்டிச் சேர்த்தால் போதும். உதிர்கிறதே என்று தண்ணீர் தெளிக்கக் கை போகும். போகக் கூடாது. உள்ளங்கைச் சூட்டில் அழுத்திப் பிடித்தால் தானாகச் சேரும். அப்போதும் சேராவிட்டால் இன்னும் கால் ஸ்பூன் நெய். பெரிய நெல்லிக்காய் அளவில் இரண்டு உருண்டை, நடுவில் கட்டைவிரலால் ஒரு அழுத்து, பாதி முந்திரி. ஓரங்களில் வெடிப்பு விடும். அது குறை இல்லை, நான்கட்டாயின் முகமே அப்படித்தான். கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அடுப்பைக் கவனியுங்கள்.

ஓடிஜியை முதலில் காலியாகச் சூடாக்காமலே அந்தப் பதினாறைச் சுட்டிருந்தால், இப்போது ஒரு தடவை வெறுமனே பத்து நிமிடம் சூடாக்கி அணையுங்கள். புதுக் கம்பியின் எண்ணெய் வாடை போகும், அந்த வாடை பிஸ்கட்டில் ஏறினால் இரண்டும் வீண். பிறகு மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு 160 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கி, நடுத்தட்டில் வைத்து 15 முதல் 18 நிமிடம். கூடவே வந்த பெரிய கறுப்புத் தட்டில் இரண்டே இரண்டை வைத்தால் அடிப்பக்கம் சீக்கிரம் சிவந்துவிடும். ஒரு சின்ன அலுமினியத் தட்டு போதும். குமிழில் 160 என்று இருந்தாலும் உள்ளே பத்து இருபது டிகிரி முன்னே பின்னே இருப்பது இந்த அடுப்புகளின் சுபாவம். அதனால் முதல் நாள் 12-ஆவது நிமிடத்திலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருங்கள்.

எல்லோரும் தோற்கிற இடம் அடுத்து வருகிறது. நெய் பிஸ்கட் அடுப்பில் இருக்கும்போது கெட்டியாகவே ஆகாது. தொட்டால் மெத்தென்று அமுங்கும். வேகவில்லை என்று நினைத்து இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று விட்டால் அது ஆறியதும் உங்கள் பழைய நண்பன் கல் திரும்ப வந்துவிடுவான். அடி ஓரம் லேசாகப் பொன்னிறம் காட்டுகிறது, மேலே இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது என்னும்போதே வெளியே எடுத்து, தட்டிலிருந்து பெயர்க்காமல் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். ஆற ஆறத்தான் இறுகும். டீ போட அந்த நேரம் சரியாக இருக்கும்.

மின்சாரக் கணக்கும் மச்சினர் கேட்பார். 1,200 வாட் ஓடிஜி அரை மணி நேரம் விடாமல் எரிந்தாலே 0.6 யூனிட்தான். சூடு ஏறியதும் தானாக அணைந்து அணைந்து எரிவதால் உண்மையில் அதைவிடக் குறையும். தினமும் போட்டாலும் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட்டைத் தாண்டாது. அதுவும் மனதுக்கு ஒப்பவில்லை என்றால் பழைய கனமான கடாய் போதும். இரண்டு பிஸ்கட்டுக்கு எனக்கென்னவோ அதுதான் பொருத்தம் என்று படும். அடியில் ஒரு கப் கல்லுப்பு, அதன் மேல் ஒரு வளையம், தட்டு போட்டு மூடி மிதமான தீயில் பத்து நிமிடம். பிறகு பிஸ்கட் தட்டை உள்ளே இறக்கி, தீயைக் குறைத்து, 18 முதல் 20 நிமிடம். மேலே சிவக்காது. இந்தப் பிஸ்கட்டுக்குச் சிவக்கவும் வேண்டாம். நான்ஸ்டிக் பாத்திரத்தை மட்டும் இப்படி வெறுமனே காயவைக்காதீர்கள். அந்த உப்பை ஆறவைத்து டப்பாவில் போட்டு அடுத்த தடவைக்கு எடுத்துக்கொள்ளலாம், சமையலுக்கு மட்டும் வேண்டாம்.

சர்க்கரை விஷயத்தில் மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். ஒரு பிஸ்கட்டில் ஆறு கிராம் சர்க்கரை, ஏழு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக நெய், மொத்தம் ஏறக்குறைய 130 கலோரி. நாட்டுச் சர்க்கரை போட்டால், பனைவெல்லம் போட்டால் ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரத்தத்தில் அவையும் சர்க்கரைதான். மைதாவில் பாதியைக் கேழ்வரகு மாவாக மாற்றலாம், நல்ல மணம், நல்ல நொறுங்கல். ஆனால் அதை ருசிக்காகச் செய்யுங்கள், மருந்தாக நினைத்து நாலு சாப்பிடாதீர்கள். வேண்டும்போது இரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் வாரத்துக்கு இரண்டு நாள். உங்களுக்கு எவ்வளவு தகும் என்பதை உங்கள் டாக்டரிடம் இந்தக் கணக்கைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த முறையில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. டப்பாவில் மூன்றாவது பிஸ்கட் இருக்காது. வேண்டுமென்றால் முதலிலிருந்து நெய்யை உறைய வைத்துத் தேய்க்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் டீயே ஆறிவிடும்.

எட்டு உருண்டை பிடித்து ஃபிரீசரில் போட்டு, வேண்டும்போது இரண்டிரண்டாக எடுத்துச் சுடலாம் என்று பலர் யோசனை சொல்வார்கள். நடக்கும். 100 கிராம் மைதா, 50 கிராம் சர்க்கரைப் பொடி, 55 கிராம் நெய். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு மாதம் தாராளமாக இருக்கும், உறைந்தபடியே அடுப்பில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக விட்டால் போதும். ஆனால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். முதல் பத்துத் தடவை இரண்டிரண்டாகவே கலந்து பழகுங்கள். நெய் எந்தப் பதம், உங்கள் அடுப்பு எத்தனை நிமிடம் என்பதெல்லாம் கைக்கு வர வேண்டும். நடுவில் இரண்டு தடவை கெட்டுப்போனாலும் போனது ஆறு மூடி மைதாதான். உங்கள் மனைவி ஊர் திரும்புகிற வாரம் எட்டு உருண்டை பிடித்துக்கொள்ளலாம்.

முட்டை போட்ட சாக்லேட் பிஸ்கட்தான் வேண்டும் என்று ஒருநாள் தோன்றினால், ஒரு முட்டையை நன்றாக அடித்து அதிலிருந்து ஒரே ஒரு டீஸ்பூன் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீதியில் வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு ராத்திரிக்கு ஆம்லெட்.

அந்தப் பதினாறும் இன்னும் டப்பாவில் இருக்கிறது என்று என் மனசு சொல்கிறது. வெறும் கல்லாக இருந்தால் மிக்ஸியில் பொடித்து எதிலாவது தூவச் சொல்லியிருப்பேன். சோடா கசப்புக்கு வழி இல்லை சார், தூக்கிப் போட்டுவிடுங்கள். மச்சினருக்குக் கொடுக்க வேண்டாம்.